வராதவருக்கு ஒரு பென்னி



இன்று மாலை உங்களை ஒரு சின்ன ஊருக்கு அழைத்துப்போகிறேன். இங்கிலாந்தில், லண்டனிலிருந்து மேற்கே 60 மைல் சொச்சம் போனால், பாத் நகருக்குச் செல்லும் பழைய சாலையில் ஹங்கர்ஃபோர்டு என்று ஓர் ஊர் வரும். பெர்க்‌ஷர் மாவட்டத்தின் மேற்குக் கோடி. மக்கள்தொகை 6,000 அளவில்தான். ஹங்கர் என்றால் பசி. ஃபோர்டு என்றால் ஆற்றில் இறங்கிக் கடக்கும் துறை. விளைச்சல் இல்லாத நிலத்துக்குப் போகிற வழியில் இருந்த துறை என்பதால் இந்தப் பெயர் வந்திருக்கலாம் என்று ஊர்ப்பெயர் ஆராய்பவர்கள் சொல்கிறார்கள். பசித்துறை. அந்தப் பெயரை வைத்துக்கொண்டு எண்ணூறு ஆண்டுகளாக ஓர் ஊர் வாழ்ந்து வருகிறது.

வரலாற்றுப் புத்தகத்தில் இந்த ஊருக்கு ஒரு வரி உண்டு. 1688 டிசம்பரில், ஆரஞ்சு நாட்டு வில்லியம் படையோடு லண்டனை நோக்கி வந்தபோது, அரசர் இரண்டாம் ஜேம்ஸ் அனுப்பிய தூதர்களை இங்குள்ள பேர் விடுதியில் வைத்துத்தான் சந்தித்தார். சில நாளில் ஜேம்ஸ் நாட்டை விட்டே ஓடினார். அந்த விடுதி இன்றும் இருக்கிறது, சாப்பிடலாம், தங்கலாம். ஆனால் நான் பேச வந்தது அதைப் பற்றி இல்லை. அரசர்கள் வருவார்கள், போவார்கள். அவர்கள் போன பிறகு அந்த ஊர்க்காரர்கள் தங்கள் மாட்டை எங்கே மேய்த்தார்கள், எந்த ஆற்றில் மீன் பிடித்தார்கள், அந்த உரிமையை எப்படிக் கைவிடாமல் காத்தார்கள் என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

ஊரின் அமைப்பை முதலில் மனதில் வரைந்துகொள்ளுங்கள். வடக்கே ஆறு. அங்கிருந்து தெற்கே மேடேறிப் போகிறது ஹை ஸ்ட்ரீட் என்ற ஒரே பெரிய தெரு. தெருவைக் கால்வாய் ஒன்று குறுக்கே வெட்டுகிறது. 1810-இல் முழுதாகத் திறக்கப்பட்ட கென்னட் - ஏவன் கால்வாய். அதைத் தாண்டியதும் தலைக்குமேல் ரயில் பாலம். 1847-இல் வந்த ரயில். மணிக்கூண்டோடு கூடிய டவுன் ஹால், 1871-இல் கட்டியது. இருபுறமும் செங்கல் வீடுகள், பழம்பொருள் விற்கும் கடைகள், இரண்டு மூன்று மதுவிடுதிகள். தெருவில் நின்று பார்த்தால் வீட்டின் முகப்பு குறுகலாகத்தான் தெரியும். பின்னால் போய்ப் பார்த்தால் ஒவ்வொரு வீட்டுக்கும் நீள நீளமாகக் கொல்லை. இடைக்காலத்தில் ஊரை அளந்து மனை பிரித்தபோது போட்ட கோடுகள் அவை. மேலே கட்டடம் எத்தனையோ முறை மாறியிருக்கிறது, மனைக்கோடு மாறவில்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு இதற்குத் திரும்பி வருவேன்.

ஈஸ்டர் கழிந்து இரண்டாவது செவ்வாய்க்கிழமை. அதற்கு ஹாக்டைட் என்று பெயர். நான் போயிருந்த ஆண்டு வெயில் இருந்தும் குளிர் விடவில்லை. கையைச் சட்டைப்பையிலிருந்து எடுக்க முடியவில்லை. காலை எட்டு மணி. டவுன் ஹால் மாடத்திலிருந்து கொம்பு ஊதுகிறார்கள். கொம்பு என்று நான் அழகுக்காகச் சொல்லவில்லை, ஊதுகிற கொம்பேதான். ஊதி முடித்ததும் மணிக்காரர் கையில் மணியோடு தெருவில் இறங்குகிறார். தண்டோரா போடுகிற மாதிரி, மேய்ச்சலிலும் மீனிலும் பொதுவுரிமை உள்ளவர்கள் எல்லோரும் ஊர் மன்றத்துக்கு வரவேண்டும், வராதவர் ஒரு பென்னி கட்டவேண்டும், கட்டினால்தான் வரும் ஆண்டுக்கு அவர் உரிமை நிற்கும் என்று அறிவித்துக்கொண்டே போகிறார்.

ஒரு பென்னி. இன்று அந்தக் காசுக்கு அந்த நாட்டில் ஒரு மிட்டாய்கூட வாங்க முடியாது. ஆனாலும் அந்த அறிவிப்பைக் கேட்டபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. உரிமை உன்னுடையதுதான், ஆனால் ஆண்டுக்கு ஒருமுறை வந்து முகம் காட்டு, முடியாவிட்டால் ஒரு காசு கட்டிவிட்டாவது ஊரோடு உள்ள தொடர்பைச் சொல்லு என்கிறது அந்த ஊர். இதைவிடச் சின்ன வரியை நான் எங்கும் பார்த்ததில்லை. இதைவிடப் பெரிய வரியையும் பார்த்ததில்லை.

மன்றம் கூடுவதற்கும் தெருவில் வேறொரு கூட்டம் புறப்படுவதற்கும் இடையில் அதிக நேரம் இல்லை. இரண்டு பேர் டுட்டி மென். டுட்டி என்றால் அந்தப் பக்கத்து வட்டார வழக்கில் பூச்செண்டு. வால்கோட்டு அணிந்து, கையில் ஆளை விட உயரமான கோல் பிடித்து வருவார்கள். கோலின் தலையில் வசந்தகாலப் பூக்கள், தொங்கும் ரிப்பன்கள், உச்சியில் ஓர் ஆரஞ்சுப் பழம். அவர்களோடு ஆரஞ்சுக்காரர் ஒருவர்; தொப்பியில் காட்டுக்கோழி இறகு, தோளில் பழ மூட்டை. பொதுவுரிமை உள்ள வீடுகள் நூறு அளவில் இருக்கின்றன. ஒன்று விடாமல் அத்தனை வீட்டுக்கும் போகவேண்டும். ஆதியில் இவர்கள் ஆளுக்கு ஒரு பென்னி வசூலிக்கப் போனவர்கள். ஆண்கள் பென்னி தருவார்கள். பெண்கள் முத்தம் தருவார்கள். இப்போது வசூல் இல்லை, முத்தம் மட்டும் நின்றுவிட்டது. கன்னத்தில் ஒன்று வாங்கிக்கொண்டு ஓர் ஆரஞ்சு கொடுக்கிறார்கள். மாடி ஜன்னலில் இருக்கும் பெண்ணிடம் போக ஏணி வைத்து ஏறுவதும் உண்டு; தெருவே நின்று கைதட்டும்.

இந்த முத்தம் நம்மில் பலருக்குச் சங்கடமாக இருக்கும். எனக்கும் முதலில் அப்படித்தான் இருந்தது. ஆனால் இந்த வழக்கத்தின் பழைய வடிவத்தைப் படித்தபிறகு வேறொன்று தெரிந்தது. இடைக்கால இங்கிலாந்தில் பல ஊர்களில் ஹாக்டைட் நாட்களில் ஒரு நாள் பெண்கள் தெருவில் கயிறு கட்டி ஆண்களை மறிப்பார்கள், பணம் தந்தால்தான் விடுவார்கள். மறுநாள் ஆண்கள் பெண்களை மறிப்பார்கள். சேர்ந்த பணம் ஊர்க் கோயிலின் பராமரிப்புக்கு. அந்தக் கோயில் கணக்குப் புத்தகங்கள் இன்றும் இருக்கின்றன. பெரும்பாலும் பெண்கள் வசூலித்ததே அதிகமாக எழுதப்பட்டிருக்கிறது. ஆக, விளையாட்டின் சாவி ஒரு காலத்தில் பெண்கள் கையில் இருந்திருக்கிறது. மதச் சீர்திருத்தக் காலத்தில் இந்த விழாவை ஒடுக்கினார்கள். மற்ற ஊர்களில் அது மறைந்தது. ஹங்கர்ஃபோர்டில் நின்றது.

ஏன் அங்கே மட்டும்? என் உரையின் நடுப்பகுதி இந்தக் கேள்விதான்.

வேடிக்கைக்காக மட்டும் நடந்த விழாக்கள் வேடிக்கை அலுத்ததும் நின்றுபோயின. இந்த ஊரில் அந்த நாளோடு நிலம் கட்டப்பட்டிருந்தது, நீர் கட்டப்பட்டிருந்தது. ஊருக்குக் கிழக்கே போர்ட் டவுன் என்ற பெரிய புல்வெளி. ஹங்கர்ஃபோர்டு காமன் என்று சொன்னால் எல்லோருக்கும் தெரியும். 200 ஏக்கருக்கு மேல். மேற்கே ஃப்ரீமன்ஸ் மார்ஷ் என்ற ஈரநிலம். நடுவே கென்னட் ஆறும் அதன் துணையாறு டன்னும். மேய்ச்சலும் மீனும் ஊர்ப்பொது. யாருக்குப் பொது என்பதை முடிவு செய்வது அந்தச் செவ்வாய்க்கிழமை மன்றம்.

அந்தப் புல்வெளியின் நடுவே சாலை போகிறது. கோடையில் மாடுகள் சாலையில் வந்து நிற்கும்; கார்கள் காத்திருக்கும். ஒருநாள் மாலை ஒரு சிவப்புப் பசு சாலை நடுவில் நின்று அசைபோட்டுக்கொண்டிருந்தது. பின்னால் நான்கு கார்கள். யாரும் ஹார்ன் அடிக்கவில்லை. ஒருவர் என்ஜினை அணைத்துவிட்டுக் கண்ணாடியை இறக்கி, வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பசு தன் நேரத்தில் நகர்ந்தது. இடம் முதலில் அதனுடையது என்பதில் அங்கே யாருக்கும் சந்தேகம் இருந்ததாகத் தெரியவில்லை.

இதன் அருமை தெரியவேண்டுமானால் சுற்றியுள்ள நாட்டுக்கு என்ன நடந்தது என்று பார்க்கவேண்டும். 1604-லிருந்து 1914 வரை இங்கிலாந்தில் 5,200-க்கும் மேற்பட்ட வேலியடைப்புச் சட்டங்களை நாடாளுமன்றம் நிறைவேற்றியது. ஊர்ப்பொதுவாகவும் திறந்த வயலாகவும் இருந்த 68 லட்சம் ஏக்கர் வேலிக்குள் போனது. நாட்டின் பரப்பில் ஐந்தில் ஒரு பங்கு. விறகு பொறுக்கியவன், ஒரு பசுவையும் நாலு வாத்தையும் வைத்துப் பிழைத்தவன், ஒரு காலையில் எழுந்து பார்த்தால் வேலி நிற்கும். விவசாயம் முன்னேறியது என்று எழுதியவர்கள் உண்டு. விளைச்சல் கூடியதும் உண்மை. ஆனால் அந்த ஒரு பசு எங்கே போயிற்று என்று கேட்டவர்கள் குறைவு. அந்தப் பசுவோடு ஒரு குடும்பத்தின் பாலும் வெண்ணெயும் சுயமரியாதையும் போயின. கூலியைத் தவிர வேறு பிடிமானம் இல்லாத மனிதர்கள் ஆலைகளுக்கு நடந்தார்கள். தொழிற்புரட்சியைப் பற்றிப் பேசும்போது நாம் நீராவி எந்திரத்தைச் சொல்கிறோம். வேலியையும் சேர்த்துச் சொல்லவேண்டும்.

அந்தப் பேரலை அடித்த காலத்தில் ஹங்கர்ஃபோர்டின் புல்வெளி எப்படித் தப்பியது? அதற்குப் பல நூறு ஆண்டு முன்னால் போகவேண்டும்.

மூன்றாம் எட்வர்டின் மகன் ஜான் ஆஃப் காண்ட். லங்காஸ்டர் கோமகன். அந்தக் காலத்தில் நாட்டிலேயே பெரிய பணக்காரர் என்று சொல்லலாம். ஹங்கர்ஃபோர்டு அவருடைய ஆளுகையில் இருந்தது. ஊர் மக்களுக்கு ஆற்றில் மீன் பிடிக்கும் உரிமையை அவர் வழங்கினார் என்றும், அதற்கு அடையாளமாக ஒரு கொம்பைக் கொடுத்தார் என்றும் ஊர் சொல்கிறது. அவர் 1399-இல் இறந்தார். அதே ஆண்டு அவர் மகன் நான்காம் ஹென்றியாக அரியணை ஏறியதால் லங்காஸ்டர் கோமகனின் சொத்தெல்லாம் அரசர் கைக்குப் போனது. ஊருக்கு இனி ஆண்டை, அரசரே. ஒரு சின்ன ஊருக்கு இது நல்லதும் கெட்டதும். நல்லது, கேட்பார் இல்லாமல் பல காலம் விட்டுவிடுவார்கள். கெட்டது, கேட்கத் தொடங்கினால் எதிரே நிற்பது அரசாங்கம்.

முதலாம் எலிசபெத் காலத்தில் கேட்கத் தொடங்கினார்கள். மீன் உரிமைக்கு ஆதாரம் எங்கே? எழுத்து எங்கே? ஊரிடம் பட்டயம் இல்லை, தொலைந்துபோயிருந்தது. கொம்பு இருந்தது. வயதானவர்களின் நினைவு இருந்தது. எங்கள் அப்பா பிடித்தார், அவர் அப்பா பிடித்தார், யாரும் தடுக்கவில்லை என்கிற சாட்சி இருந்தது. எழுத்தில்லாத சாட்சியை அதிகாரம் மதிப்பதில்லை என்பது உலகத்தில் எல்லா ஏழை ஊர்களுக்கும் தெரிந்த பாடம். இந்த ஊர்க்காரர்கள் அந்தப் பாடத்தைக் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போகவில்லை. விடாமல் நின்றார்கள். அடுத்த அரசர் முதலாம் ஜேம்ஸ் காலத்தில், 1617-இல், ஊரின் மேனரே, அதாவது ஆண்டைக்குரிய நில ஆளுமை முழுவதுமே, ஊர்ப் பொறுப்பாளர்கள் பெயருக்கு வந்துசேர்ந்தது. ஊருக்கு ஊரே ஆண்டை.

இதுதான் அந்தப் புல்வெளி தப்பிய காரணம் என்று நான் நினைக்கிறேன். வேலி போடவேண்டுமானால் நிலத்துக்கு மேலே ஒரு பெரிய புள்ளி இருக்கவேண்டும். இங்கே மேலே யாரும் இல்லை.

பிறகு அவர்கள் செய்த ஒரு காரியம் எனக்கு மிகவும் பிடிக்கும். 1634-இல் புதிதாக ஒரு கொம்பு செய்தார்கள். பட்டயம் தொலைந்து பட்ட பாடு மனதில் இருந்திருக்கவேண்டும். இந்தத் தடவை கொம்பின் மேலேயே பொறித்துவிட்டார்கள். ஜான் ஆஃப் காண்ட் ஹங்கர்ஃபோர்டு ஊருக்கு மீன் உரிமை கொடுத்தார். ஆற்றில் எல்ட்ரன் ஸ்டப் என்ற இடத்திலிருந்து ஐரிஷ் ஸ்டைல் என்ற இடம் வரை. சில ஆலைக் குட்டைகள் நீங்கலாக. அப்போது கான்ஸ்டபிள் ஜெஹோஷபாத் லூகஸ். இவ்வளவுதான் செய்தி. எழுத்துப்பிழை மலிந்த ஆங்கிலம். பொறித்தவருக்குப் பள்ளிக்கூடம் அதிகம் வாய்த்திருக்காது. எல்லை சொல்கிறார், விலக்கு சொல்கிறார், பொறுப்பாளர் பெயர் சொல்கிறார். ஒரு கிரயப் பத்திரத்துக்கு இதற்குமேல் என்ன வேண்டும்? காகிதம் எரியும், செல்லரிக்கும், திருடு போகும். ஊதுகிற பொருளில் எழுதினால் ஆண்டுக்கு ஒருமுறையாவது யாராவது அதைக் கையில் எடுத்தாகவேண்டும். அப்படி யோசித்துச் செய்தார்களா என்று எனக்குத் தெரியாது. செய்திருக்கிறார்கள்.

கான்ஸ்டபிள் என்று சொன்னேன். போலீஸ்காரர் என்று நினைத்துவிடாதீர்கள். அங்கே கான்ஸ்டபிள்தான் ஊர்த்தலைவர். ஆண்டுதோறும் மன்றத்தில் தேர்ந்தெடுக்கிறார்கள். அவருக்குக் கீழே போர்ட்ரீவ், பெய்லிஃப், நீர்நிலை பார்ப்பவர்கள், புல்வெளி மேற்பார்வையாளர்கள், பீர் ருசி பார்ப்பவர்கள், ஊர்ப் பெட்டியின் சாவி காப்பவர்கள். கடைசிப் பதவியைக் கவனியுங்கள். சாவி காப்பவர் அல்ல, காப்பவர்கள். ஒருவர் கையில் ஊர்ப்பணத்தை விடாத ஏற்பாடு. பீர் ருசி பார்ப்பதைக் கேட்டுச் சிலர் முகத்தில் புன்னகை தெரிகிறது. அந்தக் காலத்தில் அது வேடிக்கைப் பதவி இல்லை. பீர் அன்றாட பானமாக இருந்த காலம் அது. அதில் கலப்படமா, அளவு குறைவா என்று பார்த்துச் சொல்ல ஊர் ஓர் ஆளை வைத்திருந்தது. உணவுக் கலப்படத் தடுப்பு அதிகாரியின் மூதாதை அவர்.

மன்றத்துக்குள்ளே எனக்கு வியப்பாக இருந்தது அதன் சாதாரணத்தன்மை. ஜூரிகள் உறுதிமொழி எடுக்கிறார்கள். பிறகு பேசுவதெல்லாம் நடைமுறை விஷயம். மாடு, வேலி, மீன், கணக்கு. வெளியே பூக்கோலும் ஆரஞ்சும் போய்க்கொண்டிருக்க, உள்ளே பஞ்சாயத்துக் கூட்டம் நடக்கிறது. இரண்டும் ஒரே நாளில், ஒரே சுவருக்கு இப்புறமும் அப்புறமும் நடப்பதால்தான் இரண்டும் பிழைத்திருக்கின்றன என்பது என் எண்ணம். வெளியே உள்ளது இல்லாமல் உள்ளே உள்ளதற்கு ஆள் வராது. உள்ளே உள்ளது இல்லாமல் வெளியே உள்ளதற்குப் பொருள் இராது.

மதியம் விருந்து. அதற்குப் பிறகு ஒரு சடங்கு. முதன்முறையாக வந்திருப்பவர்களைக் குட்டிக் குதிரைகள் என்று அழைப்பார்கள். ஒவ்வொருவராகப் பிடித்துக் காலைத் தூக்கி, கொல்லர் ஒருவர் செருப்பின் அடியில் லாடம் அடிப்பார். ஆணி உள்ளே இறங்க இறங்க, புதியவர் பஞ்ச் என்று கத்தவேண்டும். பஞ்ச் என்பது அங்கே குடிக்கும் கலவை மது; கத்திவிட்டால் அதற்கான செலவை ஏற்றுக்கொண்டார் என்று பொருள், காலை விட்டுவிடுவார்கள். அதோடு அவர் ஊராளாகிறார். வெளியூரிலிருந்து வந்து வீடு வாங்கியவரை ஊரில் சேர்த்துக்கொள்வதற்கு ஒரு வழி வேண்டுமல்லவா? பத்திரப் பதிவு அலுவலகம் அவரை வீட்டுக்காரர் ஆக்கும். இந்த ஆணிதான் அவரை ஊர்க்காரர் ஆக்குகிறது. வெளியே குழந்தைகள் காத்திருக்கும். ஆரஞ்சும் காசும் தெருவில் வீசப்படும். பொறுக்கக் கூட்டம் பாயும். ஒரு சிறுமி இரண்டு கையிலும் பழம் நிறைந்துபோய், மூன்றாவதை மோவாயால் அழுத்திப் பிடித்துக்கொண்டு அம்மாவைத் தேடி ஓடியதை நான் மறக்கமாட்டேன்.

இனி, நான் வாக்குக் கொடுத்தபடி மனைக்கோட்டுக்குத் திரும்புகிறேன். இந்தப் பொதுவுரிமை ஆளுக்கு இல்லை, வீட்டுக்கு. பழைய மனைகளில் நிற்கும் நூறு அளவிலான வீடுகளுக்குத்தான். அந்த வீட்டை விற்றால் உரிமையும் வாங்குபவரோடு போகும். ஊர் வளர்ந்திருக்கிறது, இருபதாம் நூற்றாண்டில் கட்டிய குடியிருப்புகளில்தான் பெரும்பாலானவர்கள் வாழ்கிறார்கள். அவர்கள் வாசலுக்கு டுட்டி மென் வருவதில்லை. மன்றத்தில் அவர்களுக்கு வாக்கு இல்லை. தலைமுறை தலைமுறையாக அங்கே வாழ்ந்த கூலிக் குடும்பம் வெளியே நிற்கும். நேற்று வந்து ஹை ஸ்ட்ரீட்டில் வீடு வாங்கியவர் உள்ளே இருப்பார். இது நியாயமா? நியாயம் என்று என்னால் சொல்ல முடியவில்லை. பொது என்ற சொல்லுக்குள்ளேயே ஒரு வேலி இருக்கிறது. உலகத்தில் எந்த ஊர்ப்பொதுவை எடுத்தாலும் யார் பொது என்ற கேள்வி வரத்தான் செய்யும். மரபைப் போற்றுகிறவர்கள் அந்தக் கேள்வியைத் தாண்டிப் போய்விடக்கூடாது.

அந்த ஊர் அதற்கு ஒரு பாதி விடை கண்டிருக்கிறது. 1908-லிருந்து இந்தச் சொத்தெல்லாம் ஓர் அறக்கட்டளையாக நிர்வகிக்கப்படுகிறது. புல்வெளியில் நடக்க யாருக்கும் தடையில்லை. உரிமை வீட்டுக்காரரும் வாடகைக் குடித்தனக்காரரும் ஒரே பாதையில்தான் நாயைக் கூட்டிக்கொண்டு நடக்கிறார்கள். டவுன் ஹாலில் திருமணம் நடக்கிறது, கூட்டம் நடக்கிறது. பாதி விடை பாதிதான். ஆனால் நூறு வீட்டுக்காரர்கள் பராமரிப்பது ஆறாயிரம் பேருக்குக் காற்றும் வெளியுமாகப் பயன்படுகிறது என்பதையும் மறைக்கக்கூடாது.

ஹங்கர்ஃபோர்டு என்ற பெயரைச் சொன்னால் இங்கிலாந்தில் வயதானவர்களுக்கு முதலில் நினைவு வருவது இதில் எதுவும் இல்லை. 1987 ஆகஸ்ட் 19. ஓர் இளைஞன் துப்பாக்கிகளோடு கிளம்பி 16 பேரைக் கொன்றான். அவன் தாயும் அதில் ஒருவர். கடைசியில் தன்னையும் சுட்டுக்கொண்டான். அடுத்த ஆண்டே நாட்டின் துப்பாக்கிச் சட்டம் கடுமையாக்கப்பட்டது. ஒரு சின்ன ஊருக்கு அது எப்பேர்ப்பட்ட அடி என்பதை ஊர்ப்புறத்தில் வளர்ந்தவர்களுக்கு விளக்கவேண்டியதில்லை. செத்தவர்களை எல்லோருக்கும் தெரியும், சுட்டவனையும் தெரியும். உலகத்துப் பத்திரிகைகள் எல்லாம் அந்தப் பெயரை ஒரே ஒரு பொருளில் எழுதத் தொடங்கின. ஊர் அதைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. நினைவிடம் இருக்கிறது, பெயர்கள் இருக்கின்றன. நானும் யாரிடமும் கேட்கவில்லை. ஒன்று மட்டும் சொல்வேன். அடுத்த ஈஸ்டர் வந்தது. கொம்பை ஊதவேண்டிய செவ்வாய்க்கிழமை வந்தது. எண்ணூறு ஆண்டு ஊரின் பெயரை ஒரு மதியம் எடுத்துக்கொண்டு போய்விடாமல் பிடித்து நிறுத்த அந்த ஊர்க்காரர்களுக்குக் கையில் ஏதோ இருந்தது. விழா என்பது மகிழ்ச்சியான காலத்துக்கு மட்டும் உரியது என்று நான் இப்போது நினைப்பதில்லை.

கடைசியாக ஆறு.

கென்னட் ஒரு சுண்ணாம்புப் படுகை ஆறு. மழை நீர் சுண்ணாம்புப் பாறைக்குள் இறங்கி, வடிகட்டப்பட்டு, ஊற்றாக வெளிவந்து ஓடுவது. கோடையிலும் குளிரிலும் ஏறத்தாழ ஒரே வெப்பநிலை. அடி தெரியும் தெளிவு. இப்படிப்பட்ட ஆறுகள் உலகத்தில் மொத்தமே 200 சொச்சம்தான், பெரும்பங்கு இங்கிலாந்தில். ட்ரௌட் மீனுக்குப் பேர்போன நீர். பாலத்தில் நின்று குனிந்தால், நீர்ப்பாசி தலைமுடி மாதிரி நீண்டு அலைவதும், அதன் நிழலில் மீன் ஒன்று நீரோட்டத்துக்கு எதிரே வாலை மெல்ல ஆட்டி நின்ற இடத்திலேயே நிற்பதும் தெரியும்.

2013 ஜூலை தொடக்கத்தில் இந்த ஆறு செத்தது. மீன் செத்து மிதக்கவில்லை. அதனால் பாலத்தில் நின்றவர்களுக்கு எதுவும் தெரிந்திராது. மேலே மார்ல்பரோ ஊரிலிருந்து கீழே ஹங்கர்ஃபோர்டு வரை 15 கிலோமீட்டர் அளவுக்கு, ஆற்றின் அடியில் வாழும் நன்னீர் இறால்களும் பூச்சிகளும் துடைத்தாற்போலப் போயின. காரணம் குளோர்பைரிபாஸ் என்ற பூச்சிமருந்து. நம் விவசாயிகளுக்குத் தெரியாத பெயர் இல்லை. யாரோ கழிவுநீர்க் குழாயில் ஊற்றிய மிகச் சிறிய அளவு மருந்து, சுத்திகரிப்பு நிலையம் வழியாக ஆற்றுக்கு வந்துவிட்டது. அதை முதலில் கண்டுபிடித்தது எந்தக் கருவியும் இல்லை. ஆற்றோரத்து மனிதர்கள். சம்பளம் வாங்காமல், பயிற்சி எடுத்துக்கொண்டு, மாதத்துக்கு ஒருமுறை ஆற்றில் இறங்கிப் பூச்சி எண்ணுகிறவர்கள். வழக்கமாக வலையில் நூற்றுக்கணக்கில் வருவது அன்று வரவில்லை. உடனே சொன்னார்கள். எல்லோரும் தெரிந்துகொண்டார்கள். சில ஆண்டுகளில் மேல்நீரிலிருந்து உயிர்கள் அடித்துவரப்பட்டு, ஆறு மெல்ல மீண்டது.

ஆற்றில் எத்தனை மீன் என்று தெரிந்திருந்தவர்கள் 1500-களில் நீதிமன்றத்தில் நின்றார்கள். ஆற்றில் எத்தனை பூச்சி என்று தெரிந்திருந்தவர்கள் 2013-இல் மணி அடித்தார்கள். இரண்டு கூட்டமும் ஒன்றுதான் என்று நான் சொல்லவில்லை. எண்ணுகிறவர்களில் பலருக்குப் பொதுவுரிமை வீடே இருக்காது. ஆனால் இது எங்கள் ஆறு என்று சொல்வதற்கு அவர்கள் கட்டும் பென்னி இது.

அந்த எண்ணிக்கையை நான் ஒருமுறை கரையில் நின்று பார்த்தேன். இடுப்புவரை வரும் ரப்பர்க் காலணி போட்ட ஒரு பெண்மணி, அறுபது வயதிருக்கும், கைவலையை நீரோட்டத்தில் பிடித்துக்கொண்டு, எதிரே கால்களால் ஆற்றின் அடிக்கல்லைக் கிளறுகிறார். கரையில் இன்னொருவர் கடிகாரம் பார்க்கிறார், மூன்று நிமிடம். கிளறியதில் கிளம்பியதெல்லாம் வலைக்குள். வலையை ஒரு வெள்ளைத் தட்டில் கவிழ்க்கிறார்கள். முதலில் சேறும் இலையும் தவிர ஒன்றும் தெரியாது. நீர் தெளியத் தெளிய ஒன்று நகர்கிறது, பிறகு இன்னொன்று. வளைந்த முதுகோடு பக்கவாட்டில் நீந்துவது இறால். கல்துகளை ஒட்டிக் கூடு கட்டிக்கொண்டு ஊர்வது ஒன்று. மூன்று வாலோடு ஒன்று. இருவரும் தட்டின் மேல் தலை முட்டக் குனிந்து, ஒரு சின்னக் கரண்டியால் ஒவ்வொன்றாகப் பிரித்து வைத்து, வாய்க்குள் எண்ணிக்கொண்டே போகிறார்கள். எண்ணி முடித்ததை ஈரக் கையாலேயே நோட்டில் எழுதிவிட்டு, தட்டை ஆற்றின் ஓரத்தில் மெல்லச் சாய்த்து, எல்லாவற்றையும் திரும்ப விட்டுவிட்டார்கள்.